ஜெபிக்க முழங்கால் போட்டாலே பயம் வருது, உங்களுக்கும் இப்படியா?

களியக்காவிளை மகள்:
அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். இடவப்பாதி மழை பிடிச்சா வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. அந்த மழையிலதான் அம்மா நோயில படுத்தாங்க. ஜெபிக்க வந்தவங்க, "அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ இந்த வீட்டுல இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அன்னையிலிருந்து முழங்கால் போட்டாலே, தோட்ட முதலாளி முன்னால கணக்கு ஒப்பிக்கிற மாதிரிதான் இருக்கு. எதை விட்டுட்டேனோ, எதுக்குப் பிடித்தம் வருமோன்னு. மூணு நாள் உபவாசம் இருந்தேன், பொருத்தனையும் பண்ணினேன், அதான் நேர்ச்சை. அம்மாவுக்காக அழ மட்டும் வரலை. கடவுள் முதலாளின்னு எனக்கு யாரும் சொல்லித்தரலை. ஆனாலும் அப்படித்தான் நினைச்சிருக்கேன். இதை எப்படி மாத்துறது?

பாறசாலை உபதேசியார்:
மகளே, பிறவிக் குருடனைப் பார்த்து, பாவம் செய்தது இவனா, பெற்றவர்களா என்று சீஷர்களே கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் 9. வந்தவர்கள் சொன்னதை இன்றோடு விடு. அப்புறம் மத்தேயு 25-ஐ வாசி. ஓர் எஜமான் பயணம் போகும்போது மூன்று ஊழியரிடம் தாலந்துகளை, அதாவது பெரும் பணத்தை, ஒப்படைத்துப் போகிறான். ஒரு தாலந்து வாங்கினவன், 'நீர் கடினமுள்ள மனுஷன்' என்று எஜமானிடமே சொல்கிறான். அந்தப் பயத்தில்தான் தாலந்தை மண்ணில் புதைத்தான். மற்ற இருவருக்கும் அதே எஜமான்தான், அவர்களோ வாங்கினதைப் பெருக்கினார்கள். நீ உன் அழுகையைப் புதைத்து வைத்திருக்கிறாய், அம்மா.

வள்ளவிளை தம்பி:
அக்கா, நாங்க கத்தோலிக்கர். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலுக்குப் போன அண்ணன் திரும்பலை. வீட்டுல ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தா யாருக்கும் வாய் வரலை. அம்மா குருசடி, அதான் சிலுவை வச்ச சின்னக் கோயில், முன்னால போய் நின்னு, "எம்புள்ளைய எங்க வச்சிருக்க?"ன்னு கத்தினாங்க. கடவுளை இப்படிக் கேக்கலாமான்னு சிலர் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. பங்குச் சாமியார்தான் விடச் சொன்னார். 'எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர்'னு திருப்பாடல் 13-லயே இருக்குன்னார். அண்ணன் வரலை. அம்மா இன்னைக்கும் அதே குருசடிக்குத்தான் போறாங்க.

களியக்காவிளை மகள்:
தம்பி, உங்க அம்மாவை நினைச்சுத்தான் நேத்து ராத்திரி உட்கார்ந்தேன். 'நீர்', 'உம்முடைய' எதுவும் வாயில வரலை. "அப்பா, அம்மாவால படி இறங்க முடியலை"ன்னு மட்டும் சொன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசுவும் 'அப்பா பிதாவே'ன்னுதான் கூப்பிட்டார், மாற்கு 14:36. அது அரமேயச் சொல்லாம். எனக்கு எங்க வீட்டுச் சொல்லாத்தான் கேட்டுச்சு. பாடுகளைத்தான் பாத்திரம்னு சொல்லி, அதை எடுத்துடச் சொல்லிக் கேட்டார்; அது அவரை விட்டு நீங்கலைங்கிறதும் தெரியும். அம்மா இன்னும் எழுந்திரிக்கலை. இன்னைக்கும் கேட்பேன்.