நெடும்பொழுதுத் தேக்கம்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் குழுவின் கடந்த சில மடல்களைப் பார்த்தால், மிஞ்சும் மின்சாரத்தை ஏதாவதொரு வடிவில் வைத்திருந்து பிறகு பல மணிநேரம் திருப்பித் தரும் 'long-duration energy storage' என்பதற்கு 'நீண்டகால ஆற்றல் சேமிப்பு' என்ற சொல் ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலிருக்கிறது. அதை நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். மாற்றாக ஒரு சொல்லும் வைத்திருக்கிறேன்.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இது வெறும் அகராதி வேலை இல்லை. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் வரும் என்று வருடக்கணக்காகப் பேச்சு இருந்தது. 2016இல் அது கைவிடப்பட்டது. அதே சம்பூருக்கு இப்போது 120 மெகாவாட் சூரியமின் திட்டம் வந்திருக்கிறது. முதல் கட்டம் 50, இரண்டாவது 70. தொடக்கவிழா 2025 ஏப்ரலில் நடந்தது. நிலக்கரி இராவும் பகலும் எரியும், சூரியத் தகடு இரவில் எதுவும் தராது. இலங்கையின் மின்தேவை உச்சத்துக்குப் போவதோ பொழுதுபட்ட பிறகுதான். அதனால் மூதூர்ப் பக்கம் சோலர் பற்றிக் கதைக்கப் போனால் "அப்ப இரவைக்கு என்ன செய்யிறது?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு நல்ல சொல் வேண்டும்.

பகலிலும் சிக்கல் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு, நல்ல வெயில் என்பதால் சோலர் அதிகம். மின் வலையமைப்பைத் தாங்கிப் பிடிக்கும், அனல், நீர் மின்நிலையங்களின் பெரிய சுழலிகள் போதிய அளவு ஓடாத நேரம் அது. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைமேல் சோலர் வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. நண்பகலில் வேண்டாம் என்று ஒதுக்கிய மின்சாரம் மாலையில் கிடைக்காமல் டீசல் எரிக்கிறோம். இந்த இடைவெளியை நிரப்பும் பொருளுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'சேமிப்பு' என்றால் நம்மவர்களுக்குச் சிக்கனம்தான் நினைவுக்கு வரும். 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று எழுதினால் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். இங்கே நடப்பது சிக்கனமே இல்லை. மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, பிறகு கீழே விட்டு மின்சாரம் எடுப்பதைப் பாருங்கள்: ஏற்ற 100 அலகு செலவழித்தால் திரும்பக் கிடைப்பது 70 முதல் 80 வரை. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டுதான் இதைச் செய்கிறோம். இழப்பை மறைக்கும் சொல் வேண்டாம்.

'நீண்டகாலம்' இன்னும் மோசம். வங்கியில் நிலையான வைப்பு போட்டதுபோல ஆண்டுக்கணக்கைச் சொல்கிறது. ஆனால் நாம் சொல்ல வருவது மணிக்கணக்கு. அதுவும் எவ்வளவு நேரம் உள்ளே வைத்திருக்கலாம் என்ற கணக்கு இல்லை, முழு வலுவில் எவ்வளவு நேரம் வெளியே தரலாம் என்ற கணக்கு. (வலு என்பதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் திறன் என்று வாசிக்கவும்.) 10 மெகாவாட் வலுவுள்ள ஒரு தொகுதியில் 40 மெகாவாட்-மணி இருந்தால் அது 4 மணிநேரத் தொகுதி. அவ்வளவுதான்.

'ஆற்றல்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இலங்கைப் பாடநூலில் அது சக்தி, தமிழ்நாட்டில் ஆற்றல். இரண்டு பக்கமும் ஒரே சொல்லைப் பாவிக்க வேண்டுமென்றால் கலைச்சொல்லின் உடலுக்குள் இரண்டையுமே வைக்காமல் விடுவது நல்லது. தேவையான இடத்தில் அவரவர் முன்னால் சேர்த்துக்கொள்ளட்டும்.

சேமிப்புக்குப் பதிலாகத் 'தேக்கம்' என்கிறேன். நீர்த்தேக்கம் என்று நாம் ஏற்கெனவே சொல்லிப் பழகியது. 'மின்தேக்கம்' என்று மட்டும் ஆக்கிவிட வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் மின்தேக்கி என்பது வேறு கருவி, இங்கே அதைக் கொள்ளளவி என்று படிக்கிறோம். அத்தோடு, தேங்கி நிற்பது பெரும்பாலும் மின்சாரமே இல்லை. தமிழ்நாட்டின் காடம்பாறையில் அது மேல் அணையில் நிற்கும் நீர். ஜெர்மனியின் ஹுண்டோர்ஃபில் 1978இலிருந்து உப்புப் பாறைக் குகைக்குள் அழுத்தி வைத்த காற்று. வேறு இடங்களில் உருகிய உப்பின் வெப்பம். இவை எல்லாவற்றையும் 'தேக்கம்' தாங்கும். குழுவில் ஒருவர் 'குதம்' (சேமிப்புத் தொட்டி) என்று வைக்கலாமா எனக் கேட்டிருந்தார். சீனக்குடாவின் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு எண்ணெய்க் குதம் என்பது இயல்பான சொல்தான், எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் அது ஓர் உடலுறுப்பின் பெயர். வகுப்பறையில் நிற்காது.

அடுத்தது நேரத்தைக் குறிக்கும் பகுதி. இதில்தான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. அகப்பொருள் இலக்கணத்தில் நாள் ஒன்றுக்கு ஆறு சிறுபொழுது: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது சரியாக 4 மணிநேரம். இன்று உலகெங்கும் வலையமைப்புகளில் பொருத்தும் இலித்தியம் மின்கலத் தொகுதிகள் பெரும்பாலும் 4 மணிநேரம் வரைதான் தருகின்றன. ஒரு சிறுபொழுது! நண்பகலில் நிரப்பி மாலையில் வழங்குவது அதன் வேலை. எட்டு மணிநேரம் என்றால் இரண்டு பொழுது. பிரித்தானியாவும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் 'நெடியது' என்று எல்லை வைத்திருப்பது அந்த எட்டில்தான். அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் பத்து என்கிறது. மாலையும் யாமமும் தாண்டிக் கொடுக்கக்கூடியது என்று சொன்னால் இரண்டு வரையறைக்கும் பொருந்தும்.

ஆகவே, ஒரு பொழுது வரை தருவது சிறுபொழுதுத் தேக்கம். இரண்டு பொழுதும் அதற்கு மேலும், நாட்கணக்காகவும் தருவது நெடும்பொழுதுத் தேக்கம். கோடையில் ஏற்றி மாரியில் எடுப்பது, ஐதரசன் (ஹைட்ரஜன்) போன்றவற்றைக் கொண்டு செய்ய நினைப்பது, பெரும்பொழுதுத் தேக்கம். பெரும்பொழுது என்றாலே இரண்டு மாதப் பருவம்தானே.

'நெடும்பொழுது என்றாலும் நெடுநேரம் தேங்கிக் கிடப்பது என்றுதானே கொள்வார்கள்?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. எங்கள் வயற்காரர் ஒரு குளத்தைப் பற்றிச் சொல்லும்போது தண்ணீர் எத்தனை மாதம் கிடக்கும் என்று சொல்வதில்லை, சிறுபோகத்துக்கும் (கோடையில் செய்யும் இரண்டாவது நெற்செய்கைக்கும்) சேர்த்துக் கொடுக்குமா என்றுதான் பார்க்கிறார்கள். கந்தளாய்க் குளத்தின் பெறுமதி அதில்தான். போகம் எப்படிக் கொடுப்பதன் அளவோ, பொழுதும் அப்படியே ஆகட்டும். 'இருபொழுதுத் தேக்கம்', 'ஆறுபொழுதுத் தேக்கம்' என்று எண்ணிச் சொல்ல முடிவதால் பொருள் பழக்கத்தில் தானாக நிலைக்கும். 'நெடுநேரம்' என்பதை இப்படி எண்ண முடியாது.

சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். சீனாவின் தாலியனில் 2022இல் வலையமைப்போடு இணைந்த வனேடியப் பாய்வு மின்கலம் (தொட்டிகளில் வைத்த திரவத்தில் தேக்கும் வகை) 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி. வகுத்தால் 4 மணிநேரம். நெடும்பொழுதுத் தேக்கத் தொழினுட்பம் என்ற பொருளில் அதைப் பாராட்டி எழுதுகிறார்கள், ஆனால் அந்த நிலையம் தருவது ஒரு பொழுதுதான். தொட்டியைப் பெரிதாக்கினால் நெடும்பொழுதாகும். தொழினுட்பத்தையும் நிலையத்தையும் பிரித்துக் காட்டும் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. மறுபக்கம், இரும்பு துருப்பிடிப்பதையும் துரு திரும்ப இரும்பாவதையும் கொண்டு இயங்கும் இரும்பு-காற்று மின்கலத்தை 100 மணிநேரத்துக்கு வடிவமைக்கிறார்கள். இருபத்தைந்து பொழுது. கார்த்திகையில் இங்கே நான்கு நாள் தொடர்ந்து வானம் மூடியிருந்தால் வேண்டியது அந்த அளவுதான். மன்னார்க் காற்றாலைகளுக்கு நல்ல காற்று தென்மேற்குப் பருவத்தில், எங்களுக்குக் கச்சான் வீசும் மாதங்களில். அதைத் தைமாதத்துக்குக் கொண்டுபோக எந்த மின்கலத்தாலும் ஆகாது. அது பெரும்பொழுதின் வேலை.

இலங்கையின் மஹா ஓயாவில், நீரை மேலே ஏற்றி வைத்து மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டிருக்கும் 600 மெகாவாட் நிலையத்துக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். தமிழ்நாட்டில் குந்தாவுக்குச் சொல்லும் 'நீரேற்று மின்நிலையம்' நல்ல சொல், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மகாவலி ஆற்றின் விக்டோரியா நீர்மின் நிலையம் அதில் சேராது. அங்கே நீர் கீழே வருவது மட்டும்தான், பிறகு அது கொட்டியாரக் குடாவை நோக்கிப் போய்விடுகிறது.

இன்னும் ஓர் இணைச்சொல்லுக்கு உங்கள் உதவி வேண்டும். 'charge, discharge' என்பதற்கு 'மின்னேற்றம், மின்னிறக்கம்' என்பது மின்கலத்துக்குச் சரி. நீருக்கும் காற்றுக்கும் வெப்பத்துக்கும் பொதுவாக 'நிரப்பல், வழங்கல்' என்று எழுதிப் பார்க்கிறேன். 'வழங்கல்' ஏற்கெனவே மின்விநியோகத்தைக் குறிப்பதால் குழப்பம் வருமா? மின்துறையில் வேலை செய்பவர்கள் சொன்னால் நல்லது.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து