வேலூர் – திருவண்ணாமலை சைக்கிள் பயணம்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ஆரணி ரோடு:
ஜனவரியில் கோட்டை வாசலில் இருந்து கிளம்பினோமே, தொழுநோய் குணமானவர்களுக்குச் செருப்பு வாங்கித் தர நிதி திரட்டிய பயணம், அதைத்தான் சொல்கிறேன். 80 கிலோமீட்டர். வழி எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கண்ணமங்கலம் தாண்டியதும் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கூட்டம் முன்னால் போய்விட்டது. சந்தவாசலுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடி டீக்கடை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஷூவைக் கழற்றி, காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். மறுமுனையில் ஒரு பெரியவர். விரல்கள் மடங்கிப்போன கைகள். டீ கிளாஸைத் துண்டால் சுற்றி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மா, கால் வலியா?"

"தாங்க முடியல தாத்தா."

"வலிக்குது இல்ல, அப்ப கால் நல்லாத்தான் கீது." தன் பாதத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "எனக்கு ஆணி ஏறி ரெண்டு நாளு. செருப்பைத் தொளைச்சிகினு உள்ள நிக்குது, நான் பாட்டுக்கு நடக்குறேன். பேத்தி பார்த்து அழுதப்பதான் தெரியும்."

போட்டிருந்தது சாதாரண ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்து தரை தெரிந்தது. எதற்காக ஓட்டுகிறோம் என்று என் பனியன் முதுகில் பெரிதாக அச்சடித்திருந்தது. அதை அவர் படித்தாரா தெரியாது, நானும் சொல்லவில்லை. அதற்குள் பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது. நேரமாச்சு, ஏறுங்க என்றார்கள். ஏறிவிட்டேன். பேரையாவது, ஊரையாவது கேட்டிருக்கலாம். மூன்று மாதமாக இதேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

திருப்பத்தூர்க்காரன்:
எனக்கும் ஒன்று இருக்கிறது. ஏலகிரிப் பயணம், குழந்தைகள் சிகிச்சைக்காக. ஆம்பூர், வாணியம்பாடி வரை ஹைவேயில் காற்று மாதிரி போனோம். மலை ஏறும்போதுதான் பிரிந்தோம், 14 கொண்டை ஊசி வளைவு, அவரவர் மூச்சு அவரவருக்கு. பாதி வளைவு தாண்டியபோது நம் ஆள் ஒருவர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார். "எப்படி இருக்கீங்க?" என்றேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஆனால் கையில் இருந்த பாட்டிலின் அடிப்பக்கத்தைப் பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் மிதித்துக்கொண்டு மேலே போய்விட்டேன். இறங்கினால் மறுபடி ஏறி மிதிக்க முடியாது என்ற பயம். பத்து நிமிடத்தில் அவர் மயங்கி விழுந்ததாக மேலே சொன்னார்கள். ஜீப்பில் வந்த ஒரு குடும்பம் தூக்கிப் போயிருக்கிறது. பிழைத்துக்கொண்டார், இப்போதும் என்னிடம் நன்றாகப் பேசுகிறார். அந்த பாட்டிலைப் பார்த்ததை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பாலாற்றங்கரை:
திருப்பத்தூர்க்காரன், நீங்கள் நின்றிருக்க வேண்டும். தடுமாற்றம் வந்தவன் காட்டுகிற கட்டைவிரலை நம்பவே கூடாது. பெயரைக் கேளுங்கள், இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். பதில் குழறினால் அவரைத் தனியாக விடாதீர்கள். இது வெயிலாலும் வரும், சர்க்கரை இறங்கினாலும் வரும். இன்னொன்றும் உண்டு: மணிக்கணக்காக வியர்த்துவிட்டு வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அதிலும் குழப்பம் வரும். அந்த நிலையில் "தண்ணி குடி, தண்ணி குடி" என்று ஊற்றுவது ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிதான். நம் ஊர் சித்திரை வெயிலில் வாணியம்பாடி அருகே என் நண்பருக்கு இப்படித்தான் ஆனது. மூன்று பாட்டில் ஊற்றியவன் நான்.

ஆகவே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாமல் கிளம்பாதீர்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாற்றாதீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், கணக்குக்குக் குடிக்காதீர்கள். ஆரணி ரோடு, கால் பிடிப்புக்கு உப்பு ஒன்றே காரணம் என்பார்கள், அப்படி இல்லை. பழக்கத்துக்கு மேல் வேகமாக மிதித்தாலும் பிடிக்கும். நிறுத்தி, முட்டியை நீட்டி, கால்விரலை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். சீட்டு உயரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிகிரிப் பக்கம்:
அண்ணா, சொன்னதெல்லாம் சரி. ஆனால் அக்கா கால் பிடிப்புக்கு வைத்தியம் கேட்கவில்லை.

என் அப்பாவுக்கும் பாதம் மரத்துப்போனதுதான். நோய் எப்போதோ குணமாகிவிட்டது, உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. தினமும் ராத்திரி அம்மா அவர் காலைச் சொம்புத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்ப்பாள். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, எங்காவது சூடு இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுத் தொட்டு. சின்ன வயதில் அது ஏதோ பூஜை என்று நினைத்திருந்தேன்.

அவர் போட்டது எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்தது. பார்க்கக் கறுப்பாகச் சாதாரணமாகத்தான் இருக்கும். உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் கெட்டியான ரப்பர், ஆணியே கிடையாது. பின்னால் ஒரு வார் கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் செருப்பு கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. தேய்ந்தால் மாற்றியே ஆகவேண்டும். அக்கா பார்த்த பெரியவருக்கு அதுதான் தேவை. 1955இல் இங்கே கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆளைக் கண்டுபிடித்தால் சொல்லுங்கள், கூட்டிப்போக நான் வருகிறேன்.

ஆரணி ரோடு:
நன்றி தம்பி. ஞாயிற்றுக்கிழமை போளூர் பஸ்ஸில் போய் சந்தவாசலில் இறங்கி, அந்த டீக்கடையில் கேட்கப் போகிறேன். நீயும் வா. அவருக்கு எழுபது வயது இருக்கும், கைத்தடியின் தலையில் பச்சை நைலான் கயிறு சுற்றியிருந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது பார்த்தால் முதலில் ஊரைக் கேட்டு வையுங்கள். பாதத்தை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.