ஊன்றுகோலை மறைத்துவிட்டு நடையைப் பேசாதீர்கள்

கொட்டாஞ்சேனை ரவி:
காலோடு கட்டிக்கொண்டு மோட்டாரால் நடக்கும் ரோபோ புறக்கூட்டை அணிந்தால் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் மூலையில் வைத்துவிடலாம். மார்புக்குக் கீழே இயக்கமிழந்த கிளேர் லோமாஸ் 2012இல் இலண்டன் மரதன் பாதையையே நடந்து முடித்தார். நம்மவர்கள் முயற்சி செய்வதில்லை.

வெள்ளவத்தை மாலினி:
"முயற்சி செய்வதில்லை" என்பதைப் படித்த பிறகு என்னால் வாய்மூடி இருக்க முடியவில்லை, தம்பி. அவர் அந்த 42 கிலோமீற்றரை நடக்க 17 நாட்கள் எடுத்தார். இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் இருந்தது. நானும் சக்கர நாற்காலியில் இருப்பவள். இப்படிப்பட்ட கருவியை அணிந்து நடக்க வெளிநாட்டில் ஆறு வாரம் பயிற்சி எடுத்தவள். உடலைச் சற்று முன்னே சாய்த்தால்தான் மோட்டார் காலைத் தூக்கி வைக்கும். சாய்வு கூடிப் போனால் விழுவேன் என்று பயிற்சியாளர் என் இடுப்புப் பட்டியைப் பிடித்தபடியே பின்னால் வருவார். பயிற்சி முடியும்போது எரிவது காலல்ல, தோளும் உள்ளங்கையும். கணுக்காலில் பட்டி உரசிச் சிவந்தது, உணர்வில்லாததால் எனக்குத் தெரியாது. இரவில் அம்மா பார்த்துத்தான் சொன்னார்.

ரவி:
ஊன்றுகோலே வேண்டாத ரெக்ஸ் என்ற நியூசிலாந்துக் கருவியும் இருக்கிறது, அக்கா. உங்கள் அனுபவம் எல்லோருக்கும் சட்டமாகாது.

மாலினி:
கிளேர் அணிந்தது ரீவோக் என்ற கருவி. அதைப் பற்றித் தொடங்கிவிட்டு வேறொன்றுக்குத் தாவாதீர்கள். ரீவோக்கைக் கண்டுபிடித்த அமித் கோஃபருக்கே அதை அணிந்து நடக்க முடியவில்லை. கைகளும் பாதிக்கப்பட்டிருந்ததால் அவரால் ஊன்றுகோலைப் பிடிக்க இயலவில்லை. அமெரிக்கா 2014இல் வீட்டுப் பாவனைக்கு அனுமதி கொடுத்தபோதும், பயிற்சி பெற்ற துணையாள் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்றே சொன்னது.

இயன்மருத்துவர் ஒருவர்:
நிற்பதால் சிலருக்குத் தசை இறுக்கம் தளர்கிறது, மலச்சிக்கலும் குறைகிறது. ஆனால் பல ஆண்டுகள் அமர்ந்தே இருந்தவரின் எலும்பு மெலிந்திருக்கும். அதன் அடர்த்தியைப் பார்க்காமல் நிறுத்தினால் முறியலாம்.

ரவி:
பார்த்தீர்களா, பயன் உண்டு என்று மருத்துவரே சொல்கிறார். கோயில் மண்டபச் சாய்தளத்துக்கான பணத்தை வேறு வேலைக்கு எடுக்கலாம் என்று நான் போன மாதம் சொன்னதிலிருந்தே உங்களுக்கு என்மேல் கோபம்.

மாலினி:
ஆம், அந்தக் கோபம் இருக்கிறது. இலங்கையில் சாய்தளங்களைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்தும், காலி வீதி நடைபாதையில் ஏற முடியாமல் நான் பஸ்களுக்கு நடுவே நாற்காலியை உருட்டிக்கொண்டு போகிறேன். பயனில்லை என்று நான் எங்கே எழுதினேன்? முதன்முதலாக அம்மாவின் முகத்துக்கு நேரே என் முகம் வந்த நாளை நான் மறக்கவில்லை. அன்றும் என் இரு கைகளிலும் ஊன்றுகோல் இருந்தது.

ரவி:
இன்னும் ஐந்து வருடத்தில் இருக்காது.

மாலினி:
நீங்கள் எழுதியது இன்றைக்கு. ஊன்றுகோலை மூலையில் வைத்துவிடலாம் என்ற அந்த வரியைத் திருத்துங்கள்.

ரவி:
திருத்த மாட்டேன்.