புதுப்பிப்பு: ஓக் இலையில் வெண்திட்டு – டிஷேரியா எகெப்லாடெல்லாதான்

இங்கிலாந்து ஓக் இலையின் மேற்புறத்தில் வெண்திட்டு, உள்ளே புழு. எந்த அந்துப்பூச்சி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 'வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எச்சம் தெரிகிறதா பாருங்கள்' என்ற யோசனைதான் கைகொடுத்தது. திட்டுக்குள் துளி எச்சம்கூட இல்லை. புழு அதை இலையின் அடிப்புற ஓட்டை வழியே வெளியே தள்ளிவிடுகிறது. உள்ளே வட்டமாக ஒரு பட்டுத் தகடு. இலைக்குள் துளைத்து வாழும் வேறொரு அந்துப்பூச்சி இனமான ஸ்டிக்மெல்லா என்றால் நெளிந்த பாதையில் கறுப்பு எச்சக் கோடு ஓடும். எகெப்லாடெல்லாவின் நெருங்கிய உறவான டிஷேரியா டோடோனேயா மட்டும் குழப்பும்: அதன் திட்டு சிறியது, ஆரஞ்சுப் பழுப்பு, வளைய வளையமாக வரி.

வளர்த்துப் பார்ப்பதானால், உதிர்ந்த இலைகளை வலை கட்டிய தொட்டியில் வெளியிலேயே வையுங்கள். புழு இலைக்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். சூடான அறையில் காய்ந்து சாகும், மூடிய டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். மே மாதம் மஞ்சள் பூச்சிகள் வந்தன. எதிர்பாராதது: சில திட்டுகளிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிதான் வந்தது.