பொண்ணை சைக்காலஜியில சேர்க்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சுட்டா. சைக்காலஜிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. கோயம்புத்தூர்ல ஒரு தனியார் காலேஜ்ல விசாரிச்சோம். வருஷத்துக்கு ஃபீஸ் 95,000, ஹாஸ்டல் 80,000. தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்னாடி கூட்டிப் பார்த்த வீட்டுக்காரர், மூணு வருஷத்துக்கு 5,25,000னு எழுதிட்டுப் பேனாவை மூடி வெச்சுட்டார்.

பணத்துக்கு நகையை வெச்சுக்கலாம். ஆனா டிகிரியோட கதை முடியலையே! கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்னா ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரிச்ச படிப்பு முடிச்சுப் பதிவு பண்ணணும். அதுக்கு ரொம்ப நாளா இருந்த வழி எம்.எஸ்சி.க்கு அப்புறம் ரெண்டு வருஷ எம்.ஃபில். அந்த எம்.ஃபில்லுக்கும் யு.ஜி.சி. 2025-26 வரைதான் நீட்டிப்பு கொடுத்தாங்க. செலவைக் குறைக்கத் தொலைதூரக் கல்வின்னு யோசிச்சா, 2025லயே அதுல சைக்காலஜி சேர்க்கையை நிறுத்தச் சொல்லியாச்சு. (மாமனார் வேற, "பைத்தியத்துக்குப் படிக்கப் போறாளா?"ங்கிறார். அதை விடுங்க.)

இந்த லைன்ல இருக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க. வெறும் பி.எஸ்சி.யோட முதல் சம்பளம் எவ்வளவு வந்துச்சு? ஸ்கூல் கவுன்சிலர், ஹெச்.ஆர். வேலைக்கு எம்.எஸ்சி. கட்டாயம் கேக்கிறாங்களா? சென்னை மாநிலக் கல்லூரியில சைக்காலஜி இருக்கு. அங்க எவ்வளவு கட்-ஆஃப்ல சீட் கிடைச்சுது உங்களுக்கு?