'எனக்குப் பசிக்கிறது' - இதில் எழுவாய் எது?

தாமரைக்குளம்:
மகள் ஏழாம் வகுப்பு. இலக்கணத் தேர்வில் 'எனக்குப் பசிக்கிறது' என்பதன் எழுவாயைக் கேட்டிருக்கிறார்கள். 'எனக்கு' என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'தோன்றா எழுவாய்' என்று குறித்திருக்கிறார்கள். தோன்றாத அது எதும்மா என்று என்னிடம் கேட்கிறாள். நான் மொழியியல் படித்தவள். அவள் எழுதியதுதான் சரி என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

நன்னூல்வாசகன்:
முப்பது வருடம் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா, திருத்தியவர் செய்தது சரி. எழுவாய் என்பது உருபு ஏற்காத பெயர். 'கு' வந்துவிட்டால் அது நான்காம் வேற்றுமை. தொல்காப்பியர் அதற்கு 'எப்பொருள் ஆயினும் கொள்ளும் அதுவே' என்கிறார். பசி வந்து சேரும் இடம் நான். கொள்பவன் வேறு, செய்பவன் வேறு.

தோன்றா எழுவாய் எது என்று கேட்டீர்கள். வயிறு. 'எனக்கு வயிறு பசிக்குது' என்று வீட்டில் சொல்வதில்லையா?

வினைமுற்றையும் பாருங்கள். நான் வந்தேன், அவள் வந்தாள் என்று விகுதியை முடிவுசெய்வது எழுவாய். 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்பதில் 'இருக்கிறார்கள்' யாரோடு இயைகிறது? தம்பிகளோடு. 'எனக்கு'வை வினை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தாமரைக்குளம்:
இயைபு உங்கள் பக்கம்தான் ஐயா. ஆனால் 'எனக்கு அவனைப் பிடிக்கும்' என்பதில் ஒரு பெயர் 'கு' ஏற்றிருக்கிறது, இன்னொன்று 'ஐ' ஏற்றிருக்கிறது. எந்தப் பெயரைத் தோன்றா எழுவாயாகக் கொண்டுவருவீர்கள்? வயிறு இங்கே உதவாது.

இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

குமார் ராஜாவுக்குத் தன் புத்தகத்தைக் கொடுத்தான்.
குமாருக்குத் தன் தம்பியைப் பிடிக்கும்.

முதல் வாக்கியத்தில் புத்தகம் குமாருடையது. 'தன்' ராஜாவைத் தாண்டிப் போய் எழுவாயைப் பிடிக்கிறது. இரண்டாவதில் அதே 'தன்' குமாருக்கு என்பதைப் பிடிக்கிறது. உருபு ஒன்று, வாக்கியத்தில் அவை உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. நவீன மொழியியல் உருபோடு நிற்காமல் அந்த இடத்தையும் பார்க்கிறது.

பெர்லின்வாசி:
இது தமிழுக்கு மட்டுமான சிக்கல் இல்லை. ஜெர்மனில் 'எனக்குக் குளிர்கிறது' என்பதற்கு 'மிர் இஸ்ட் கால்ட்' என்பார்கள். 'மிர்' என்றால் எனக்கு. ஐஸ்லாந்து மொழியிலும் இதே அமைப்பு உண்டு. 1985ல் ஸேனன், மேலிங், த்ராயின்ஸன் என்ற மொழியியலாளர்கள் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, ஐஸ்லாந்து மொழியின் இந்த 'எனக்கு' எழுவாய்க்கான சோதனைகளில் தேறுகிறது, ஜெர்மனில் தேறவில்லை என்று காட்டியது. பார்வைக்கு ஒரே அமைப்பு, உள்ளே வேறு. அதற்கு முன்பே, 1976ல் மொழியியலாளர் எட்வர்ட் கீனன், எழுவாய் என்பது பல பண்புகளின் தொகுப்பு, எல்லாம் ஒரே பெயரிடம் சேர்ந்திருக்க வேண்டியதில்லை என்று எழுதினார். தமிழில் இயைபு ஒரு பெயரிடமும் 'தன்' இன்னொரு பெயரிடமும் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நன்னூல்வாசகன்:
'பிடிக்கும்' எனக்கும் முள்தான், மறைக்கவில்லை. ஆனால் 'தன்' எழுத்துத் தமிழ். எங்கள் ஊரில் 'குமாருக்கு அவன் தம்பியப் புடிக்கும்' என்றுதான் பேசுவோம். பேச்சில் அருகிப்போன ஒரு சொல்லை வைத்து இலக்கணத்தை மாற்றச் சொல்கிறீர்கள்.

தாமரைக்குளம்:
சரி, 'தன்'னை விட்டுவிடுவோம். 'செய்து' என்னும் எச்சத்துக்கு 'வினைமுதல் முடிபின' என்று விதித்தவர் உங்கள் தொல்காப்பியர்தான். எச்சத்துக்கும் வாக்கியத்தை முடிக்கும் முற்றுக்கும் வினைமுதல், அதாவது செய்பவர், ஒருவராக இருக்க வேண்டும். 'குமாருக்குக் கோபம் வந்து கத்தினான்.' கத்தியது யார்?

நன்னூல்வாசகன்:
அந்த விதி வரும் வினையியல் பகுதியிலேயே அடுத்த நூற்பாவையும் படியுங்கள் அம்மா. சினையின், அதாவது உறுப்பின், வினை வந்தால் அது முதலோடு, அந்த உறுப்பை உடையவனோடு, முடியலாம் என்கிறார். 'கை இற்று வீழ்ந்தான்' என்று உரையாசிரியர்கள் காட்டுவார்கள். இற்றது, அதாவது முறிந்தது, கை; விழுந்தது ஆள். கோபமும் அப்படி அவனோடு ஒட்டியது. 'குமாருக்கு' எழுவாய் ஆகாமலே வாக்கியம் நிற்கிறது பாருங்கள். இந்த நுட்பத்தை அன்றைக்கே ஒருவர் கவனித்திருக்கிறார். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தாமரைக்குளம்:
இந்த நூற்பாவை இப்படிப் பொருத்திப் பார்த்ததே இல்லை ஐயா, உண்மையாகவே நன்றி. ஆனால் 'குமாருக்கு வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனான்' என்றும் சொல்கிறோமே. வேலை யாருடைய சினை?

நன்னூல்வாசகன்:
சினை இல்லைதான். ஆனால் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்றும் சொல்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். காரணப் பொருளில் வினைமுதல் மாறலாம். உங்கள் வாக்கியமும் அந்த வகை.

தாமரைக்குளம்:
அங்கே 'குளம்' வெளியே நிற்கிறது. இங்கே போனவனை யாரும் சொல்லவே இல்லை, கேட்பவர் தேடி எடுக்கிறார். எங்கிருந்து எடுக்கிறார்? 'ராஜா குமாருக்குப் பணம் கொடுத்து ஊரைவிட்டுப் போனான்' என்று சொல்லிப் பாருங்கள். இங்கும் 'குமாருக்கு' இருக்கிறது. ஆனால் ஊரைவிட்டுப் போனது ராஜா. குமார் போனான் என்று ஒருவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நன்னூல்வாசகன்:
இந்த ஜோடியை எழுதி வைத்துக்கொண்டேன் அம்மா. 'எழுவாய்' என்ற பெயரை இன்னும் தர மாட்டேன். ஆனால் உங்கள் மகளுக்கு அரை மதிப்பெண்ணாவது போட்டிருப்பேன்.