மறு: கென்னிங் = புதிர்த்தொகை?

பழைய ஆங்கில, நோர்ஸ் பாடல்களில் ஒரு பொருளின் பெயருக்குப் பதிலாக வரும் கூட்டுச்சொல் கென்னிங். அதைத் தமிழில் 'புதிர்த்தொகை' எனலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. கென்னிங் யாரிடமும் விடை கேட்பதில்லை.

பத்தாம் நூற்றாண்டு எக்சிட்டர் ஏட்டில் தொண்ணூறுக்கு மேற்பட்ட பழைய ஆங்கில விடுகதைகள் உள்ளன. ஒன்றில் இரும்பால் வெட்டுண்ட ஒருவன் பேசுகிறான். மூலிகையிட்டுத் தன் புண்ணை ஆற்றும் மருத்துவன் எங்குமில்லை என்கிறான். கேடயம் என்பார் பலர், வெட்டுக்கட்டை என்பாரும் உண்டு. ஏட்டில் விடை இல்லை. தொல்காப்பியம் சொல்லும் நம் 'பிசி'யும் இந்த இனம்.

பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபின் பத்தாம் அடி வேறு. 'ஹ்ரோன்ராடு', அதாவது திமிங்கிலப்பாதைக்கு அப்பால் இருந்தவர்களும் மன்னனுக்குப் பணிந்தார்கள். அங்கே 'கடல்' என்று மாற்றி வைத்தாலும் வாக்கியம் நிற்கும். இதுவே சோதனை. விடுகதை முழுக் கூற்று. அதன் விடையை அதன் இடத்தில் வைத்தால் மிஞ்சுவது ஒற்றைச் சொல்தான்.

இருக்கும் சொற்கள் போதா. 'முகமதி' என்ற உருவகத்தில் முகமும் கூடவே நிற்கிறது. இங்கே கடல் மறைந்துவிடுகிறது. அன்மொழித்தொகை கிட்ட வருகிறது. ஆனால் பொற்றொடி என்றால் தொடி அணிந்தவள். திமிங்கிலப்பாதை பாதையை உடையது அன்று, கடலே பாதை.

பழைய நோர்ஸ் மொழியில் 'கென்னா' என்ற வினை ஒன்றைச் சார்த்திப் பெயரிடுவதைக் குறிக்கும். ஆகவே 'சார்த்துபெயர்' என்கிறேன். பாதை அடிச்சொல், திமிங்கிலம் சார்சொல். ஐஸ்லாந்தின் பாட்டியல் ஆசிரியர் ஸ்நோரி (1179–1241) காட்டும் அடுக்குக்கும் இது இடம் கொடுக்கும்: 'வேல்மோதல்' போர், 'வேல்மோதல்-தீ' வாள், இது இரட்டைச் சார்த்துபெயர். அதற்கு மேல் நீண்டால் தொடர் சார்த்துபெயர். சிலர் ஐந்து வரை ஓட்டுவர், அதைத் தாண்டினால் முறையன்று என்கிறார் அவர்.

—

மறுமொழி:

சார்த்துபெயர் நன்றாக இருக்கிறது ஐயா. 'சார்சொல்'லுக்குப் பதில் 'அடைமொழி' என்று யாரேனும் எழுதக்கூடும்; அதைத் தடுக்க வேண்டும். கருங்குவளை அடை பெற்றும் குவளைதான்; சார்த்துபெயரில் அடிச்சொல் தன் பொருளையே விட்டுவிடுகிறது.

மொழிபெயர்ப்போருக்கு ஒன்று: வேற்றுமை உருபை விரிக்காதீர்கள். 'திமிங்கிலத்தின் பாதை' என்றால் அது வலசை போகும் வழியாகப் படிக்கப்படும். தொகையாகவே விடுங்கள். மூன்று உறுப்பு சேர்ந்தால் மட்டும் ஸ்நோரியின் வாளுக்கு இட்டதுபோல் இடையில் சிறுகோடு போடலாம். எது எதனோடு முதலில் சேர்கிறது என்பது தெரிந்துவிடும்.

நோர்ஸ் பாட்டியலின் 'ஹெய்தி'யை இதில் கலக்க வேண்டாம். அது குதிரைக்குப் 'பரி' என்பதுபோல் பாட்டில் வரும் தனிச்சொல். 'செய்யுட்பெயர்' போதும்.